தொப்பி வேண்டாம், விரலில் ஒரு சென்சார் போதும்

கேள்வி: எனக்கு 42 வயது. பதினைந்து வருடமாக ஒற்றைத் தலைவலி. மாதத்துக்கு ஏழெட்டு முறை வருகிறது. மாத்திரை போட்டுப் போட்டு வயிறு எரிகிறது. தெரிந்தவர் ஒருவர் ஒரு நியூரோதெரபி மையத்துக்கு அழைத்துப் போனார். தலையில் தொப்பி மாட்டி ‘பிரெயின் மேப்’ எடுத்தார்கள். மூளையின் முன்பக்கம் சிவப்பாக இருக்கிறது, 40 சிட்டிங் எடுத்தால் தலைவலி போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம், பிரஷர், தூக்கமின்மை, மலச்சிக்கல்கூடச் சரியாகும் என்கிறார்கள். கவனம் நிற்காத என் 9 வயது மகனையும் சேர்த்தால் சலுகை உண்டாம். நம்பலாமா?

பதில்: பணம் கட்டியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஒரே பலகைக்குப் பின்னால் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று ஒற்றைத் தலைவலிக்கு உண்மையிலேயே கைகொடுப்பது, பயோஃபீட்பேக் என்று பெயர். உங்களிடம் விற்கப் பார்ப்பது மற்றொன்று.

பயோஃபீட்பேக் என்பது ரொம்ப எளிமையான சங்கதி. விரல் நுனியின் சூடு, நெற்றித் தசையின் இறுக்கம், மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் நாடித்துடிப்பு, இதெல்லாம் சாதாரணமாக நம் கவனத்துக்கு வராது. கருவி அதை அளந்து திரையில் கோடாகவோ காதில் ஒலியாகவோ அந்த நொடியே காட்டுகிறது. பார்த்துப் பார்த்து அதை மாற்றப் பழகுகிறோம். அளப்பது மூளையின் மின்னலையாக இருந்தால் நியூரோஃபீட்பேக். அதைத்தான் பலகையில் நியூரோதெரபி என்று எழுதுகிறார்கள். (உடம்பை அழுத்தியும் மிதித்தும் செய்கிற ஒரு வைத்தியத்துக்கும் இதே பெயர் உண்டு. அது வேறு, அதை விடுங்கள்.) எந்த வகையானாலும் கருவி உங்களுக்குள் எதையும் செலுத்துவதில்லை. எடை பார்க்கும் மெஷின் யாரையும் இளைக்க வைப்பதில்லை, அதைப் பார்த்து நாம்தான் இளைக்க வேண்டும். ‘மெஷினே மூளையைச் சரி செய்துவிடும்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு மெஷினும் தெரியாது, மூளையும் தெரியாது.

சரி, உங்கள் தலைவலிக்கு வருவோம். இதற்கு ஆதாரம் உள்ளவை விரல் சூட்டுப் பயிற்சியும் தசைத் தளர்வுப் பயிற்சியும். அமெரிக்காவின் மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன் என்பவரின் குழு, 1960களில் கைச் சூட்டை ஏற்றப் பழக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்குக் கை சட்டென்று சூடானபோது வந்திருந்த ஒற்றைத் தலைவலி விட்டுவிட்டதைக் கவனித்தார்கள். ஆரம்பம் அதுதான். ஒருவருக்கு நடந்ததை வைத்து வைத்தியம் செய்ய முடியாது என்பதால் பிறகு பல சோதனைகள் நடந்தன. 2000இல் அங்கே தலைவலி நிபுணர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலில், தளர்வுப் பயிற்சியோடு சேர்ந்த விரல் சூட்டுப் பயிற்சிக்கும் தசைப் பயிற்சிக்கும் முதல்தர ஆதாரம் உண்டு என்றே எழுதினார்கள். 2007இல் 55 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அலசலும் ஓரளவு நல்ல பலன் இருக்கிறது, பயிற்சி முடிந்து ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கிறது என்றது. தலைவலி அடியோடு போய்விடும் என்று இவை எதுவும் சொல்லவில்லை. சராசரியாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். மாதம் எட்டு என்பது நாலு ஐந்து ஆனாலே உங்கள் வாழ்க்கை வேறு மாதிரி இருக்கும்.

அது எப்படி நடக்கும் தெரியுமா? சுண்டு விரலின் சதைப்பகுதியில் அரிசி அளவு சென்சாரை ஒட்டுவார்கள். திரையில் 29 டிகிரி என்று காட்டும். ‘ஏற்றுங்கள்’ என்றதும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றப் பார்ப்பார்கள். எண் 28.6 என்று இறங்கும். எரிச்சல் வரும், இன்னும் இறங்கும். பத்து நிமிடம் கழித்து, ‘போடா, ஏறினால் ஏறட்டும்’ என்று தோள் தொங்கும் பாருங்கள், அப்போது எண் மெதுவாக நகரும். 30, 31, 33. பதற்றத்தில் கைகால் ரத்தக்குழாய் சுருங்குகிறது, தளர்ந்தால் விரிகிறது. விரலில் தெரியும் எண் உங்கள் நரம்பு மண்டலம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கான முள், அவ்வளவுதான். 35ஐத் தொட்டு அங்கேயே நிற்கப் பழகுவது இலக்கு. எட்டிலிருந்து பன்னிரண்டு சிட்டிங், தினமும் வீட்டில் பதினைந்து இருபது நிமிடம். பிறகு கருவியே வேண்டாம். வீட்டுப் பயிற்சி பற்றிப் பேசாத இடத்தில் பயிற்சியே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சிவப்பு மேப். எனக்குக் கோபம் வருகிற இடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளையிலிருந்து தலைத்தோலுக்கு வந்து சேரும் மின்சாரத்தை மைக்ரோவோல்ட்டில் அளக்கிறோம், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தாடைத் தசையும் நெற்றித் தசையும் அதைவிடப் பலமாகக் கத்தும். நீங்கள் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தால், ‘பீட்டா அலை அதிகம், மூளை ஓய்வில்லாமல் ஓடுகிறது’ என்று மேப் சொல்லும். கண்ணைச் சிமிட்டினால் முன்பக்கத்தில் மந்தமான அலை கூடிவிட்டதாகக் காட்டும். முந்தின ராத்திரி தூங்கவில்லை என்றாலும் மாறும், சில தூக்க மாத்திரைகள் போட்டிருந்தாலும் மாறும். நாள்பட்ட தலைவலியோடு, புது இடத்தில், தலையில் இறுக்கமான தொப்பியோடு உட்கார்ந்திருப்பவர் நெற்றியைச் சுருக்காமல் வேறென்ன செய்வார்? உங்களை வாயை லேசாகத் திறந்து தாடையைத் தொங்கவிடச் சொன்னார்களா? சிமிட்டல் பதிவான பகுதிகளை நீக்கினோம் என்றார்களா?

இன்னொரு கணக்கு. தொப்பி தலையில் 19 இடங்களில் நாலு வகை அலையை அளக்கிறது என்றால் 76 எண்கள். ‘இயல்பு’ என்று கோடு போடுவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உள்ளே வருகிற மாதிரி. அப்படியானால் எந்தக் குறையும் இல்லாதவரைப் பிடித்து உட்கார வைத்தாலும் சராசரியாக நாலு எண் கோட்டுக்கு வெளியே நிற்கும். வண்ணம் பூசினால் சிவப்பு, நீலம். இதை வைத்து யாருக்கு வேண்டுமானாலும் 40 சிட்டிங் எழுதலாம், எழுதுகிறார்கள். ஒற்றைத் தலைவலியை இந்த மேப்பால் கண்டுபிடிக்கவே முடியாது. எப்படி வலிக்கிறது, எவ்வளவு நேரம், வாந்தி வருகிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம்.

மையத்தில் பூனைக் கதையும் சொல்லியிருப்பார்கள். அது உண்மைக் கதைதான். கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆராய்ச்சியாளர் 1960களில் பூனைகளை 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையான ஒரு மூளை அலையைக் கூட்டப் பழக்கினார். பிறகு வலிப்பு வரவைக்கும் ராக்கெட் எரிபொருள் வேதிப்பொருளைக் கொடுத்தபோது, பழக்கிய பூனைகள் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடித்தன. அருமையான வேலை. ஆனால் அது வலிப்பு. அங்கிருந்து உங்கள் ஒற்றைத் தலைவலிக்கு ஒரே தாவாகத் தாவினால் நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது?

மகனைச் சேர்க்காதீர்கள். கவனக்குறைவுக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்து நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2021இல் வந்தது. 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள், 38 சிட்டிங். ஒரு பகுதியினருக்கு அவரவர் அலையே திரையை ஓட்டியது. இன்னொரு பகுதிக்கு ஏற்கெனவே பதிவு செய்த வேறு அலை ஓட்டியது. எது எவருக்கு என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு கூட்டமுமே தேறின, ஏறக்குறைய ஒரே அளவில். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நல்லா பண்றே’ என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் தேறும். அதற்குத் தொப்பி எதற்கு? முதலில் அவனுக்குக் கண், காது, தூக்கம், படிப்பதில் தனிச் சிரமம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை மனநல மருத்துவர் பார்க்கட்டும். அம்மாவின் தலைவலிக்கு இலவச இணைப்பாகப் பிள்ளையின் மூளையைக் கேட்பவர்களை என்னவென்று சொல்வது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது பெரிய தவறு. தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் திடீரென்று விடக்கூடாது. வலி வந்ததும் போடுவதை மட்டும் எண்ணிப் பாருங்கள். சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ கலவை மாத்திரையோ 10 நாள் அல்லது அதற்கு மேல், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். ஏழெட்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு நாள் என்றால் நீங்கள் அந்த எல்லையில்தான் நிற்கிறீர்கள். அப்படியிருந்தால் எந்தச் சிட்டிங்கும் சரியாக எடுபடாது. குறைக்கிற வேலையை நரம்பியல் மருத்துவர் கையில் விடுங்கள். வயிற்று எரிச்சலையும் அவரிடமே சொல்லுங்கள். இடி விழுந்த மாதிரித் திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் என்றால் பயிற்சி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிரஷருக்கு: நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாக விடப் பழகினால் கொஞ்சம் இறங்கும், மாத்திரைக்கு அது ஈடாகாது. தூக்கத்துக்கு வேறு நல்ல பயிற்சி முறை இருக்கிறது, தொப்பி முதல் வரிசையில் இல்லை.

மலச்சிக்கல் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலச்சிக்கல் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடலில் குறையே இல்லை. முக்கும்போது ஆசனவாய்த் தசை விரிய வேண்டும், இவர்களுக்கு அது இறுகுகிறது. கதவை ஒரு கையால் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. தான் இறுக்குகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. நார்ச்சத்து, பேதி மருந்து என்று வருடக்கணக்கில் ஓடும். கேட்கக் கூச்சம், சொல்லக் கூச்சம். ஆசனவாயில் சிறிய சென்சாரை வைத்துத் திரையில் காட்டினால், ‘முக்குங்கள்’ என்றதும் கோடு இறங்குவதற்குப் பதில் ஏறுவதைக் கண்ணால் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் போதும், முகம் மாறிவிடும். ஐந்தாறு சிட்டிங்கில் பெரும்பாலானவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். முறையான சோதனைகளில் பேதி மருந்தையே தோற்கடித்த பயிற்சி இது. ஆனால் முதலில் அழுத்தம் அளக்கும் பரிசோதனை செய்து, பிரச்சினை இந்த வகைதான் என்று உறுதியாக வேண்டும். குடல் மெதுவாக நகர்வதால் வரும் மலச்சிக்கலுக்கு இது உதவாது. குடல் மருத்துவரும், இடுப்புத்தளத் தசையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டும் செய்கிற வேலை இது. தலையில் மாட்டும் தொப்பி வைத்திருப்பவர் இதைச் செய்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களை அழைத்துப்போன ‘தெரிந்தவர்’ பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவரான என்னிடமே இப்படி ஒரு மையத்திலிருந்து ஒருவர் வந்தார், நல்ல சட்டை, கையில் டேப்லெட். நான் அனுப்பும் ஆளுக்கு முதல் பேக்கேஜில் எனக்கு இத்தனை சதவீதம் கமிஷன், வீட்டிலிருந்து இரண்டாவது ஆள் சேர்ந்தால் கூடுதல். மகனுக்குச் சலுகை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? உங்கள் தெரிந்தவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ‘அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம்’ (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) என்ற சான்றிதழுக்கும் மயங்காதீர்கள். அங்கே இந்தக் கருவிகள் பெரும்பாலும் தளர்வுப் பயிற்சிக்கு என்ற அளவில்தான் அனுமதி பெறுகின்றன, தலைவலியைக் குணமாக்க அல்ல.

அவர்களை மட்டும் திட்டி என்ன செய்ய? பதினைந்து வருடத்தில் உங்களை எத்தனை மருத்துவர் பார்த்திருப்பார்கள், ஒருவராவது விரலில் சென்சார் ஒட்டிக் காட்டினாரா? ஸ்கேனுக்குக் காப்பீடு கிடைக்கும், அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தருகிற ஆளுக்குக் கிடைப்பது அபூர்வம். பயிற்சியாளர்களுக்குச் சான்று தருகிற சர்வதேச அமைப்பு 1981 முதல் இருக்கிறது, பல இடங்களில் அந்தச் சான்று இல்லாமலே கடை திறக்கலாம். நாங்கள் விட்ட இடத்தில் அவர்கள் பலகை மாட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு மாதம் தலைவலி டைரி எழுதுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், பத்துக்கு எவ்வளவு வலி, என்ன மாத்திரை, மாதவிலக்கு நாட்கள். அதோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பயோஃபீட்பேக் தெரிந்த மருத்துவ உளவியலாளரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ அவரிடமே கேளுங்கள். போகிற இடத்தில் என்ன அளப்பீர்கள், எத்தனை சிட்டிங்கில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். ஆறு சிட்டிங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், மேப்பின் பிரிண்ட்டையும் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல தடித்த தாளில் தருவார்கள், பின்பக்கம் காலியாக இருக்கும். டைரிக்கு ஆகும்.