தோற்றவர் பக்கம் நின்ற நுவரெலியா

ஐயா,

1988 முதல் மத்திய மாகாண சபைத் தேர்தல் முடிவுகளைத் தேடி எடுத்து அட்டவணை போட்டேன். 1988, 1993இல் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.). 2004, 2009, 2013இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு. கொழும்பில் யார் ஆட்சியோ, மாகாணத் தலைநகர் கண்டியிலும் அவர்களேதான். நம் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு அரசியல் அறிவு இல்லை, ஆளும் கட்சிக்கே போட்டுப் பழகிவிட்டது என்று தோன்றுகிறது. அடுத்த தேர்தலுக்கு விகிதாசார முறை நல்லதா, கலப்பு முறை நல்லதா?

ஒரு வாசகர், பண்டாரவளை

அன்புள்ள தம்பி,

மெனக்கெட்டு அட்டவணை போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். நானும் கொஞ்ச நாளாக இதே நினைப்பில்தான் இருந்தேன். ஆனால் "அரசியல் அறிவு இல்லை" என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, படித்து, டவுனில் வீடு கட்டியதும் நம் ஆட்கள் முதலில் பழகிக்கொள்ளும் பேச்சு இது.

இன்னொரு அட்டவணை போடுங்கள். அதே மத்திய மாகாணத்தில் தோட்டத்துச் சனம் நிறைந்த நுவரெலியா மாவட்டம், ஜனாதிபதித் தேர்தல். 2005இல் நாட்டில் மகிந்த வென்றார், இங்கே ரணில். 2010இல் யுத்தம் முடிந்த கையோடு மகிந்த கேட்டபோதும் இங்கே முந்தியது பொன்சேகா. 2019இல் சஜித். 2024இலும் சஜித். இந்த நாலு தடவையும் தோற்றவர் பக்கம்! 2010இலும் 2019இலும் தோட்டத் தொழிலாளரின் பெரிய கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைமை மேடையேறியதோ வென்றவருக்காக. சனம் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. 1994இல் ஐ.தே.க.வோடு சேர்ந்து தேர்தலுக்கு முகங்கொடுத்துவிட்டுச் சந்திரிக்கா அரசில் அமைச்சரானவர் இ.தொ.கா.வின் அன்றைய தலைவர், பெரியவர் தொண்டமான். அதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, அதை விடுவோம். கொழுந்து எடுக்கும் பெண் அன்று கட்சி மாறவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்தையே பாருங்களேன். 2014 செப்டம்பர் மாகாண சபைத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 19 ஆசனம், ஐ.தே.க.வுக்கு 13, மக்கள் விடுதலை முன்னணிக்கு (ஜே.வி.பி.) 2. அடுத்த ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியது. உடனே ஐ.தே.க.வின் ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சர். இடையில் பதுளையில் யாராவது வாக்குப் போட்டார்களா? தாவியது உறுப்பினர்கள், பழி தோட்டத்துச் சனத்துக்கா?

என் அப்பா 1988 மாகாண சபைத் தேர்தலில் வாக்குப் போடப் போனது ஞாபகம் வருகிறது. வாக்களித்தால் கொலை என்று, அன்று ஆயுதம் ஏந்தியிருந்த ஜே.வி.பி. மிரட்டிக்கொண்டிருந்த காலம். அம்மா போக வேண்டாம் என்றார். அப்பா அடையாள அட்டையோடு தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அங்கே அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும், நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமையும் அதன் பின்னால் வாக்கும் பறிபோன கதையைத் தன் அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவர். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவருக்கா தம்பி அறிவில்லை?

சரி, தேர்தல் முறை. கட்சி பெறும் வாக்கின் விகிதப்படி ஆசனம் தருவது பழைய விகிதாசார முறை. 2017இல் சட்டத்தை மாற்றி, ஒரு பகுதி உறுப்பினரைத் தொகுதிவாரியாகவும் மீதியை விகிதப்படியும் தெரியும் கலப்பு முறை கொண்டு வந்தார்கள். அதற்கான தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒரு உறுப்பினர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். தொகுதி எல்லை இல்லாமல் புதிய முறையில் தேர்தல் நடத்த முடியாது, அன்றோடு கதை நின்றது. 2013க்குப் பிறகு வாக்குரிமை கிடைத்த நுவரெலியாப் பிள்ளைகள் மாகாண சபை வாக்குச்சீட்டைக் கண்ணால் கண்டதில்லை. நம் தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மாகாணத்தின் கையில். கூரை ஒழுகினால் போய்ச் சண்டை பிடிக்க முன்பு ஒரு உறுப்பினராவது இருந்தார். ஆகவே எந்த முறை என்று என்னைக் கேட்காதீர்கள், பழைய முறையிலாவது நடத்தட்டும்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். 2018 ஒக்டோபரில் மத்திய மாகாண சபை கலைந்த பிறகு, ஜனாதிபதி நியமித்து வந்துபோன ஆளுநர்கள் பெயரையும் உங்கள் அட்டவணையில் சேருங்கள். அவர்களுக்கு எந்தத் தோட்டத்துச் சனம் வாக்குப் போட்டது என்று பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.