வீட்டோடு இருந்துகொள்வார் என்று எழுதிவிட்டீர்கள்

கேள்வி: என் மகளின் திருமணம் டிசம்பர் 29ஆம் தேதி பாளையங்கோட்டையில் நடக்க இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வருவார்கள் என்பதால்தான் அந்தத் தேதியை முடிவு செய்தோம். 1987 முதல் 1990 வரை என்னோடு கல்லூரியில் படித்த பதினான்கு நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். திருமணத்துக்கு முந்தின நாள் மாலை அவர்களோடு குற்றாலம் சென்று, இரவு ஒரு விடுதியில் தங்கிவிட்டு விடியற்காலையில் திரும்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். இதற்காக என் மனைவி இரண்டு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நண்பர்களுக்கு அறைகள், வாகனங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூட சிகாகோவிலிருந்து வரும் நண்பனிடம் சொல்லிவிட்டேன். பலகாரமெல்லாம் அக்கா பொறுப்பு. அக்கா திருமணம் செய்துகொள்ளாதவர். அப்பா இறந்த பிறகு 1985இல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து இப்போது ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். கல்யாணத்தன்றும் அவர் வீட்டோடு இருந்துகொள்வார் என்பதால் நகைக்கும் வீட்டுக்கும் கவலையில்லை. இத்தனை ஆண்டு நட்பை என் மனைவி புரிந்துகொள்ள மறுப்பது சரிதானா?

- வாசகர், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி

பதில்: குற்றாலத்துக்குப் போகாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழை முழுதும் ஓயாத டிசம்பரில் அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கவே தடை போட்டுவிடுவார்கள். இரவெல்லாம் கண்விழித்துப் பேசிய பதினைந்து பேர் விடியற்காலையில் வண்டியோட்டித் திரும்புவதை, அன்றைக்கே மகளைக் கட்டிக்கொடுக்கப்போகிற எந்தத் தாயும் ஒப்புக்கொள்ளமாட்டாள். திருமணம் முடிந்து 30ஆம் தேதி அழைத்துப் போங்கள். 31ஆம் தேதி இரவு ஆராதனைக்கு எல்லோரும் ஊர் திரும்பிவிடலாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். உங்கள் மனைவி பேசாமலிருப்பதற்குக் குற்றாலம் மட்டும்தான் காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் உங்கள் கடிதத்தில் நின்றுபோன இடம் வேறு. "கல்யாணத்தன்றும் அவர் வீட்டோடு இருந்துகொள்வார்." இருக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தால், சொன்னவர் நீங்கள் என்பதாவது தெரிந்திருக்கும். இருந்துகொள்வார் என்று எழுதியதும், அது யாரும் சுமத்தாமல் அவரே ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட வேலையாக மாறிவிடுகிறது. அதைவிட அந்தக் "கல்யாணத்தன்றும்" என்பதன் கடைசியில் இருக்கும் "உம்" என்னைத் தூங்கவிடவில்லை. சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் தழுவி நிற்பதால் அதை எச்ச உம்மை என்று இலக்கணத்தில் சொல்வார்கள். உங்கள் அக்காவே வகுப்பில் அதை நடத்தியிருக்கக்கூடும். கல்யாணத்தன்றும் என்றால், இதற்கு முன் எந்தெந்த நாட்களில் அவர் வீட்டோடு இருந்துகொண்டார்? உங்கள் மகளின் ஞானஸ்நானத்தன்றா, திடப்படுத்தல் ஆராதனையன்றா, நீங்கள் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போன விடுமுறைகளிலா?

டிசம்பர் கடைசி வாரக் கல்யாணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து நாட்களில் கல்யாணம் வைக்காத குடும்பங்களெல்லாம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தேதி குறிக்கும். மார்கழியில் இந்து வீடுகளில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். ரயிலில் இடம் கிடைக்காது, விடுதியில் அறை கிடைக்காது, ஆனால் கல்யாணம் நடந்துவிடும். பிறகு ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கி எனக்கு வேறொரு வகைக் கடிதங்கள் வரும். அவற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கல்யாணங்களுக்குப் போகாதவர்கள். போன முறை ஓர் அம்மையார், தம்பி மகனின் திருமண ஆராதனையை வீட்டில் கைப்பேசி நேரலையில் பார்த்ததாக எழுதியிருந்தார். பெண்வீட்டாருக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய அச்சுமுறுக்கு டின் மடியில் இருந்ததாம்; தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்து நிற்க வேண்டுமே என்று, டின்னைக் கீழே வைத்துவிட்டு அந்த வெற்று வீட்டில் தனியாக எழுந்து நின்றாராம். சிகாகோவில் இருப்பவர் நேரலையில் பார்ப்பதற்குக் கடல்கள் காரணம். வண்ணார்பேட்டையில் இருப்பவர் பாளையங்கோட்டைக் கல்யாணத்தை நேரலையில் பார்க்க என்ன காரணம் சொல்வீர்கள்?

கூட்டம் அவருக்குப் பிடிக்காது, முழங்கால் வலி, அவரே வேண்டாம் என்றார் என்றெல்லாம் நீங்கள் சொல்லலாம். வேண்டாம் என்றுதான் சொல்வார். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தே பழகியவரிடம் இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று கேட்டால் போதும் என்றுதான் பதில் வரும். சகுனம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நம் வீடுகளில், கல்யாணமாகாத அக்காவும் கணவனை இழந்த சித்தியும் கல்யாணத்தன்று எப்படியோ அடுப்படியிலும் சாவிக்கொத்திலும் போய் ஒதுங்கிவிடுகிறார்கள். யாரும் போகச் சொல்வதில்லை. யாரும் வரச் சொல்வதும் இல்லை. வாய்திறந்து ஒதுக்குகிறவரோடு சண்டையாவது போடலாம் என்பதால், இது அதைவிட மோசம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் தந்தையார் இறந்த பிறகு 1985இல் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். 1987இல் நீங்கள் கல்லூரியில் சேர்ந்தீர்கள். கல்லூரிக் கட்டணம் யார் கட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. பதினான்கு நண்பர்கள் என்று விரல்விட்டு எண்ணி எழுதுகிறீர்களே, அந்தப் பதினான்கு பேரை நீங்கள் சந்தித்த வகுப்பறையில் உங்களுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தது எந்தச் சம்பளம்? நட்பு எனக்கும் பெரிதுதான்; பள்ளித் தோழிகள் இருவர் இல்லாமல் என் வீட்டில் எந்த விசேஷமும் நடந்ததில்லை. ஆனால் ஒருவரின் தோளில் ஏறி நின்று பறித்த பழத்தை ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டு, தோள் கொடுத்தவரைக் கொட்டைக்குக் காவல் வைப்பதை என்னால் பொறுக்க முடியாது. அந்நாளில் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட நண்பன் ஒருவனாவது அந்தக் கூட்டத்தில் இருப்பான். வரவேற்பில் உங்கள் கையைக் குலுக்கிவிட்டு, "அக்கா எங்கேடா?" என்று அவன் கேட்பான். அவனுக்கு என்ன சொல்வீர்கள்? வீட்டுக்குக் காவல் இருக்கிறார் என்றா?

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நகைகளில் அன்றைக்கு அணியாதவற்றை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். வீட்டுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்து ஒரு காவலாளியை நிறுத்துங்கள். பதினான்கு குடும்பங்களுக்கு அறை போட்டவருக்கு அது பெரிய செலவல்ல. முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் கடையில் சொல்லிவிடுங்கள். ருசி குறையும், குறையட்டும். அறுபதைக் கடந்தவர் கல்யாண வாரம் முழுவதும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் வாகனம் அனுப்புவதற்குப் பட்டியல் வைத்திருப்பீர்கள். அதில் அக்கா எந்த வண்டியில், யாருக்குப் பக்கத்தில் என்று எழுதுங்கள். மணப்பெண்ணின் வண்டி என்றால் எனக்கு மகிழ்ச்சி.

அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லையென்றால் அவர் பெயர் உங்கள் பெயருக்கு மேலே வர வேண்டும். அச்சாகிவிட்டது என்றால் அதைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள்; திருமண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்கிறவர்களிடம் இவர்தான் என்னை வளர்த்தவர் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தச் சாட்சிக் கையெழுத்து. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களோடும் குருவானவரோடும் குறைந்தது இரண்டு சாட்சிகள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து இன்றுவரை அவளை நாள் தவறாமல் பார்த்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கும்போது, அவளை நான்கைந்து முறை பார்த்திருக்கக்கூடிய நண்பர் எதற்குச் சாட்சி சொல்லப்போகிறார்? நண்பரிடம் இன்றே பேசுங்கள். நல்ல நண்பரென்றால் வருத்தப்படமாட்டார், வெட்கப்படுவார். பிறகு அக்காவிடம் போங்கள். வருகிறீர்களா என்று கேட்காதீர்கள், பதில் என்னவென்று இருவருக்குமே தெரியும். பதிவேட்டில் சாட்சி இடத்தில் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, அன்றைக்கு உடுத்த என்ன நிறத்தில் பட்டுச்சேலை வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு அந்தச் சேலையை எடுக்கப் போங்கள், அநேகமாக அந்தக் கடையிலேயே அவர் உங்களோடு பேசத் தொடங்கிவிடுவார். பதிவேட்டின் எழுத்து பொடியாக இருக்கும். அக்காவை மூக்குக்கண்ணாடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.