வாரம் முழுக்க நிற்கப்போகும் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 48,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தைத்து 12,000 வரை சம்பாதிக்கிறார். அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். வேலைக்கு பைக்தான். மாதம் இரண்டு முறை தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போக வேண்டும். முழங்கால் வலியால் அம்மாவுக்கு இனி பஸ் முடியாது. கையில் 5 லட்சம் இருக்கிறது. எடுத்த சீட்டுக்கு மாதம் 5,000 கட்டுகிறேன், தையில் முடியும். சின்ன கார் போதும் என்பது என் எண்ணம். மச்சான், "எடுக்கறதுதான் எடுக்கறீங்க, 11 லட்சத்துல பெரிய வண்டியா எடுத்துருங்க" என்கிறார். என்ன செய்யலாமுங்க?

பதில்: உங்கள் எண்ணம்தான் சரி. மச்சான் சொல்வது அக்கறையில்தான். ஆனால் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகப்போகிறது.

முதலில் கார் எவ்வளவு ஓடும் என்று பாருங்கள். தாராபுரம் போய்வர 100 கிலோமீட்டர், மாதம் இரண்டு முறை. மாரியம்மன் நோம்பி, கல்யாணம் காட்சி, பழனி, கோவை ஆஸ்பத்திரி என்று எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர்தான் வரும். மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,300 ரூபாய். இந்த ஓட்டத்துக்கு சிஎன்ஜி வேண்டாம். கிலோ 90 ரூபாய், 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் வருஷம் 10,000 ரூபாய் மிச்சம். அதற்காக வாங்கும்போதே 90,000 கூடக் கொடுத்தால், போட்ட காசு திரும்ப ஒன்பது வருஷம் ஆகும்.

அடுத்தது, மச்சான் கவனிக்காத ஒன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கான ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13. பத்தைத் தாண்டினால் ஒரே தாவாக 18. ஆறு லட்சம் வண்டிக்கு 78,000 கட்டுவீர்கள்; 11 லட்சம் வண்டிக்கு 1,98,000. வரியில் மட்டும் 1,20,000 வித்தியாசம்.

ஆறு லட்சம் வண்டி இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது 7.2 லட்சம் ஆகலாம். கையிலிருந்து 3.2 லட்சம் கொடுங்கள். மீதி 4 லட்சம் கடன், 9 சதவீதம், 5 வருஷம் என்றால் தவணை 8,300 ரூபாய். பெரிய வண்டிக்கு 10 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டும். தவணை 21,000 தாண்டும். ஷோரூமில் உடனே 7 வருஷத்துக்கு நீட்டி 16,500 என்று காட்டுவார்கள். அதில் வட்டியே மூன்றரை லட்சத்துக்கு மேல் போகும்.

மிச்சமிருக்கும் 1.8 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் எப்படிக் கலங்கியது என்று கம்பெனிக்குள் இருந்து பார்த்திருப்பீர்கள். ஆர்டர் நின்றாலும் தவணைத் தேதி நிற்காது.

எந்தக் கார் என்பதை அம்மாவின் முழங்கால் முடிவு செய்யட்டும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது சீட் தாழ்ந்த கார். என் அம்மா கதவைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, பொத்தென்று உட்காருவார். இறங்கும்போது நான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். கொஞ்ச நாளில் "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று வருவதையே நிறுத்திக்கொண்டார். அவருக்காக வாங்கிய கார் அது. அதனால் வேகன்ஆர் மாதிரி உயரமாகக் கட்டிய வண்டியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். டியாகோ, ஐ10 நியோஸ் எல்லாவற்றிலும் அம்மாவை நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்து பேரும் உட்கார்ந்து, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். ஐந்து பேருக்கு 1.2 லிட்டர் எஞ்சின் நல்லது. டச் ஸ்கிரீனுக்கும் அலாய் வீலுக்கும் கொடுக்கும் காசை ஆறு ஏர்பேக்குக்குக் கொடுங்கள்.

பழைய கார் என்றால், விற்பவர் அன்று கொடுத்த விலையோடு ஒப்பிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. இன்றைய புது விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ஆர்சியில் கடன் அடமானம் நீக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். புது வண்டியோ பழையதோ, இன்சூரன்ஸை வண்டி விற்பவரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

தவணை, பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் வரும். சீட்டுக்குப் போகும் 5,000 தையில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதுவரை மீதி 8,000-ஐ மாதச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தீபாவளி போனஸை மட்டும் அதில் கலக்க வேண்டாம். போனஸ் இல்லாமல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் போட முடிந்தால், தை பிறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.