போக்கர்ல ஏஸ் ஜோடி கையில வந்து பந்தயத்தை 6க்கு ஏத்தினாலும் (ரெய்ஸ்) அஞ்சு பேர் கால் பண்றாங்களா, அதாவது அதே தொகை வெச்சு கூட வர்றாங்களா?

6 பத்தாது, 1/2 டேபிள்ல (கட்டாய ஆரம்பப் பந்தயம் 1, 2) 10, 12னு போடுங்க, முன்னாடி சும்மா 2 வெச்சு உள்ள வந்த ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு 2 சேத்துக்கங்க.

ஆன்லைன்ல பெரிய கட்டாயப் பந்தயத்துக்கு மூணு மடங்கு போட்டு ஆடின பழக்கம்தான் காரணமா இருக்கும், நேர்ல ஆடுற லைவ் டேபிள்ல பாதிப் பேர் ஃப்ளாப் (நடுவுல திறக்குற முதல் மூணு கார்டு) பாக்கத்தான் வர்றாங்க, 2 வெச்சவன் இன்னொரு 4க்கு பயந்து ஓடவா போறான்? கடைசி கார்டு வரைக்கும் போனா ஏதோ ஒரு கைக்கு எதிரா ஏஸ் ஜோடி சுமார் 85% ஜெயிக்கும், அதே அஞ்சு பேர்னா பாதிக்குப் பாதிதான், ராசியெல்லாம் இல்ல.

அடுத்த தடவை 12ல ஆரம்பிங்க, அப்பவும் மூணு பேருக்கு மேல வந்தா 15.

ஆனா ஏஸுக்கு மட்டும் ஏத்தாதீங்க, தினம் வர்ற ஆள் ஒருத்தராவது கண்டுபிடிச்சிடுவார். ரெய்ஸ் பண்ற எல்லா கைக்கும் அதே சைஸ்.