அடைமழை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கட்டுரையில் ‘நேற்று மாலை அரை மணி நேரம் அடைமழை பெய்தது’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்து ‘கனமழை’ என்று திருத்தி ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார். இரண்டும் ஒன்றுதானே? ‘கன’ வடசொல் என்கிறார்களே, அதை ஏன் எழுத வேண்டும்? ‘ஹெவி ரெயின்’ என்றாலே எல்லோருக்கும் புரியும் காலத்தில் இதெல்லாம் தேவையா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

மதிப்பெண்ணை விடுங்கள். வடசொல் வழக்கும் இன்று வேண்டாம். ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். சில நாட்களாக எனக்கும் இதே நினைப்பு.

‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்ற சொலவடையைக் கேட்டுத்தானே வளர்ந்தீர்கள்? ஒன்றேயானால் இரண்டு மாதத்துக்கு இரண்டு சொல் எதற்கு? நசநசவென்று பெய்தாலும் சரி, நாள் கணக்கில் விடாமல் பெய்தால் அது அடைமழை. அரை மணி நேரத்தில் அடைமழை எங்கிருந்து வரும்?

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ‘அடைமழை பிடிச்சுக்கிச்சு’ என்று அப்பாயி சொல்லிவிட்டால் வீட்டின் நடப்பே மாறிவிடும். விறகு அடுப்புக்கு மேலே பரணுக்கு ஏறும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். வெளியே கிடந்தால் குச்சி நமத்து, உரசும்போது மருந்து உதிர்ந்துவிடும். காலையில் எழுந்ததும் மண்சுவரின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருவாள். விரல் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் அன்றிரவு யாரும் படுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிற மழையைவிட, இப்படி ஊறவைக்கிற மழைதான் மண்சுவருக்கு எமன். மழை வெறித்து வெயில் அடித்த பிறகுகூடச் சரியும்.

வானிலை ஆய்வு மையக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை. 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்கெல்லாம் இந்த அளவுகோல் வேண்டும்தான். ஆனால் தினம் 4 சென்டிமீட்டர் வீதம் பத்து நாள் பெய்தால்? ஒவ்வொரு நாளும் அது ‘மிதமான மழை’. பத்தாம் நாள் கணக்குப் பாருங்கள், 40 சென்டிமீட்டர். வடிகால் நிரம்பி, சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். கூரைவீட்டுச் சுவர் அடிவரை ஊறியிருக்கும். ‘கனமழை’ என்ற சொல் மட்டும் ஒருநாள்கூட வந்திருக்காது. அந்த ஆபத்துக்கு நம்மிடம் இருக்கிற பெயர் அடைமழை. அதைத்தான் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் பெய்த மழைக்கெல்லாம் செய்தியில் வாரி இறைக்கிறார்கள்.

கரிசல்காட்டு விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். ‘ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை’ என்று மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதை வைத்தே மழையைச் சொல்வார்கள்.

‘ஹெவி ரெயின்’ என்றால் புரியும் என்கிறீர்கள். என்ன புரியும், சொல்லுங்கள்? குடை எடுக்க வேண்டும் என்று புரியும். சுவரை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று புரியுமா? ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுச் சுவர் இடிந்து தூக்கத்திலேயே செத்துப்போனவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டும் ‘இதெல்லாம் தேவையா’ என்று கேட்காதீர்கள்.

குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். இந்த வயதில் அந்தச் சொல் அவள் வாயில் வருகிறதென்றால் வீட்டில் யாரோ பேசியிருக்கிறார்கள். அது பாட்டியாக இருந்தால், எத்தனை நாள் பெய்தால் அடைமழை என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அரை மணி நேர மழைக்கு ‘மழை கொட்டித் தீர்த்தது’ என்று எழுதினால் போதும். மழைமானியைப் பார்க்காமல் அதைக் கனமழை என்பதும் சரியில்லை என்று ஆசிரியையிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.