சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 2-ஆம் தேதி

கேள்வி: வணக்கம் சார். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன், வயது 29. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கைக்கு 19,000 ரூபாய் வரும், 7-ஆம் தேதி. மனைவி வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுக்கிறாள், அதில் நிலையான வருமானம் கிடையாது. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் வட்டியில்லாத் தவணையில் போன் எடுத்தேன். மாதம் 2,000, இன்னும் 5 மாதம், தேதி 2. அதேபோல ஃபிரிட்ஜுக்கு மாதம் 1,480, இன்னும் 7 மாதம், தேதி 10. அப்புறம் இப்போது வாங்கிப் பிறகு கட்டும் பே லேட்டர் செயலிகள் இரண்டு. ஒன்றில் மளிகை, ஆடித் துணி, ஏற்காடு போன செலவு எல்லாம் சேர்ந்து 4,300 ரூபாய், 5-ஆம் தேதி கட்ட வேண்டும். இன்னொன்றில் 1,950 வீதம் 3 தவணை பாக்கி. மூன்று மாதத்தில் 5 முறை, கணக்கில் பணமில்லாமல் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. போன வாரம் மச்சானுக்கே போன் போட்டுப் பணம் கேட்டிருக்கிறார்கள். ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டேன், கடன் ஸ்கோர் 640 என்று மறுத்துவிட்டார்கள். இப்போது ஒரு செயலி 40,000 தருவதாகச் சொல்கிறது. வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? செயலி விஷயம் மனைவிக்குத் தெரியாது.

பதில்: அந்த 40,000 வேண்டாம் தம்பி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைக் கூட்டினேன். போனுக்கு 10,000, ஃபிரிட்ஜுக்கு 10,360, செயலிகளுக்கு 4,300-உம் 5,850-உம். மொத்தம் 30,510 ரூபாய். மலை போலத் தெரிகிற இந்தக் கடன் இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் 9,730 ரூபாய் கேட்கிறது. அதிலும் 6,300 ரூபாய், சம்பளம் வருவதற்கு முன்னால், 2-ஆம் தேதியும் 5-ஆம் தேதியும் கேட்கிறது. அந்த நாட்களில் உங்கள் கணக்கில் என்ன இருக்கும்? பவுன்ஸ் ஆனது உங்கள் நாணயக் குறைவு என்று நினைத்து வருந்தாதீர்கள். கையெழுத்துப் போட்ட அன்று தேதியை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பவுன்ஸுக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒரு தடவைக்கு வங்கி 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால் 590. ஐந்து தடவைக்கு 2,950. கடன் தந்தவர்களின் தாமதக் கட்டணம் தடவைக்கு 400 என்று வைத்தாலும் 2,000. ஆக 4,950 ரூபாய். ஆடித் துணி, மளிகை, ஏற்காடு எல்லாம் சேர்ந்த அந்த 4,300 ரூபாய் பில்லைவிட இது அதிகம்.

நம் ஊர்த் தண்டலை எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரம் கையில் தருவார், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குவார். அதைக் கொடுமையான வட்டி என்கிறோம், சரிதான். செயலியில் ஆயிரம் ரூபாய் பில்லைப் பத்து நாள் தாமதமாகக் கட்டியதற்கு நூறு ரூபாய் கட்டணம் என்றால், அது ஆண்டுக்கு 365 சதவீதம். தண்டல்காரர் வண்டியை நிறுத்தி வாசலில் நின்று கூப்பிடுவார், அதனால் கடன் நினைவில் இருக்கும். செயலி போனுக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது.

நானும் இதில் சிக்கியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலியில் 612 ரூபாய்க்குப் பொருள் வாங்கினேன். பே லேட்டரில் போட்டு, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினேன். கணக்கு முடிந்தது என்று செயலியையே நீக்கிவிட்டேன். வீட்டை விரிவாக்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு வரி: நிலுவை 38 ரூபாய், 90 நாளுக்கு மேல். முப்பத்தெட்டு ரூபாய். பிறருக்குப் பணம் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அன்று முகம் சுருங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் கடிதம் எழுதினேன். அதனால்தான் சொல்கிறேன், பே லேட்டர் என்பது கடன். செயலி வெறும் வாசல்தான், பணம் தருவது பின்னால் இருக்கும் வங்கியோ வங்கி அல்லாத நிதி நிறுவனமோ. அந்தப் பெயரில்தான் உங்கள் கடன் அறிக்கையில் வரி ஏறும்.

இப்போது என்ன செய்வது? போனையும் ஃபிரிட்ஜையும் தொட வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. அந்த வட்டி பொருளின் விலையிலோ, நீங்கள் இழந்த ரொக்கத் தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ ஏற்கெனவே போய்விட்டது. முன்கூட்டி அடைத்தால் உங்களுக்கு ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அடைக்க வேண்டியது இரண்டு செயலிகளை மட்டும்தான், 10,150 ரூபாய். இதற்கு எதற்கு 40,000? மொத்தக் கடனையே அடைத்தாலும் 9,490 ரூபாய் கையில் நிற்கும், அதைச் செலவழிக்க இரண்டு வாரம் போதும்.

வீட்டில் சின்னதாக ஒரு தங்கம் இருக்குமானால், கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ அந்த 10,150-க்கு மட்டும் நகைக்கடன் வாங்குங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும் மாத வட்டி சுமார் 100 ரூபாய். மாதம் 3,000 கட்டினால் நான்கு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தங்கம் மனைவியுடையது என்பதால் இதை அவரிடம் மறைத்துச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

முதல் மாதம் மட்டும் கஷ்டமாக இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். இதுவரை இந்த மாத மளிகையை அடுத்த மாதச் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தீர்கள். செயலியை மூடியதும் மளிகைக்கு அன்றைக்கே காசு வேண்டும். தவணை 3,480, நகைக்கடன் 3,000 போக 12,520 ரூபாய் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் மாதச் சாமானை மொத்தமாக வாங்கிவிடுங்கள். அந்த ஒரு மாதம் தாண்டிவிட்டால் அப்புறம் மூச்சு விடலாம்.

தேதிக்கு வருவோம். தவணை பிடிக்கும் கணக்கும் யுபிஐ வைத்திருக்கும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம். டீக்கும் தட்டுவடை செட்டுக்கும் ஸ்கேன் செய்து செய்தே தவணைப் பணம் கரைந்துவிடும். யுபிஐயை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். 7-ஆம் தேதி சம்பளம் வந்ததும் 3,480-ஐத் தவணைக் கணக்கிலேயே விட்டுவிட்டு மீதியை மாற்றிக்கொள்ளுங்கள். 10-ஆம் தேதி ஃபிரிட்ஜுக்கும் அடுத்த மாதம் 2-ஆம் தேதி போனுக்கும் அது இருக்கும்.

செயலியில் பணம் கட்டியதோடு வேலை முடியாது. பாக்கி பூஜ்யம் என்று பார்த்து, கணக்கை மூடச் சொல்லி, கடன் தந்த நிறுவனத்திடம் பாக்கி இல்லை என்ற சான்று (என்ஓசி) வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகுதான், தவணையைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்ய வேண்டும். பாக்கி இருக்கும்போது ரத்து செய்தால் அதுவும் தவறிய தவணைதான்.

மச்சானுக்குப் போன் போனது எனக்குக் கோபத்தையே தருகிறது. அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இல்லையே. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர், ரெஃபரன்ஸ் கொடுத்தவர் யாரையும் தொல்லை செய்யக் கூடாது, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் தெளிவாக எழுதியிருக்கிறது. கடன் செயலி உங்கள் போனின் தொடர்புப் பட்டியலை எடுக்கவும் அனுமதி இல்லை. எந்த எண், எந்த நேரம் என்று மச்சானிடம் கேட்டுக் குறித்து, கடன் தந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், இலவசம்தான். வழி கேட்க 14448-ஐ அழையுங்கள்.

ஸ்கூட்டருக்கு இப்போது வேறெங்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். இந்த அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். செயலிகளை மூடி இரண்டு மாதம் கழித்து அதை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். என் 38 ரூபாய் போல ஏதாவது தவறாக நின்றால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 7 மாதத்தில் ஃபிரிட்ஜ் தவணையும் முடிந்துவிடும், ஸ்கூட்டரை அப்போது பார்க்கலாம்.

வசூல்காரர் மச்சானிடம் பேசிவிட்டார் என்றால் விஷயம் வீட்டுக்கு வர அதிக நாள் ஆகாது. மச்சான் சொல்லி உங்கள் மனைவி தெரிந்துகொள்வதற்கு முன்னால், இன்று ராத்திரியே ஒரு நோட்டில் நான்கு கடனையும் எழுதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிடுங்கள்.