அடைக்கும் ஷூட்: அகலமா, சரிவா?

கேள்வி: மேலூர் பக்கம் கல் கிரஷர் நடத்துகிறோம். 60 மில்லிமீட்டர் வரையுள்ள கல்லும் டஸ்ட்டும் கலந்து 650 மில்லிமீட்டர் பெல்ட்டில் வந்து, ஷூட் (சரக்கை மேலிருந்து கீழே இறக்கும் தகட்டு வழி) மூலம், குறுக்கே ஓடும் அதே அகலமுள்ள பெல்ட்டில் விழுகின்றன. மணிக்கு 150 டன் ஓட்டுகிறோம். பெல்ட் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர். ஐப்பசி மழை தொடங்கினால் ஷூட் அடைத்துக்கொள்கிறது. கீழ் பெல்ட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிறது. ஷூட்டைப் பெரிதாக்கினால் சரியாகுமா?
– வாசகர், மேலூர்

பதில்: முதலில் அளவைச் சரிபாருங்கள். உடைத்த கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன் இருக்கும் என்று கொண்டால், உங்கள் ஷூட்டில் வினாடிக்கு 0.026 கன மீட்டர் சரக்கு இறங்குகிறது. இதைப் பெல்ட் வேகத்தால் வகுத்துப் பரப்பைக் கணக்கிடுவதே பலரும் செய்யும் பிழை. சரக்கு தகட்டில் மோதியதும் வேகம் குறைகிறது. அது மிக மெதுவாக நகரும் இடத்தையே கணக்குக்கு எடுக்க வேண்டும். அங்கே வினாடிக்கு 1 மீட்டர் என்றால், சரக்கின் குறுக்குப் பரப்பு 260 சதுர சென்டிமீட்டர். ஷூட்டின் பரப்பு அதைப்போல் நான்கு மடங்காவது இருப்பது நல்லது என்பதால், 1040 சதுர சென்டிமீட்டர் தேவை. அகலம் பெல்ட் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 43 சென்டிமீட்டர் எனில், ஆழம் 24 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மிகப் பெரிய கல்லைப்போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும் என்ற விதியும் இதில் அடங்கிவிடுகிறது.

உங்கள் ஷூட் ஏற்கெனவே இந்த அளவில் இருந்தால், அதை மேலும் பெரிதாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் ஓடி மழையில் மட்டும் அடைக்கும் ஷூட்டுக்குப் பெரும்பாலும் சரிவுதான் போதாமல் இருக்கும். காய்ந்த ஜல்லி வழுக்கி இறங்கும் சரிவில் ஈரமான டஸ்ட் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு 60 பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும். அதிலும் தகட்டின் சரிவை மட்டும் அளந்து திருப்தியடைந்துவிடாதீர்கள். செங்கோணத்தில் சேரும் இரண்டு தகடுகளும் 60 பாகையில் இருந்தாலும், அவை சேரும் மூலையின் சரிவு சுமார் 51 பாகைதான். டஸ்ட் முதலில் படிவது அந்த மூலையில்தான். பிறகு கல்லும் அதன்மேல் ஏறி வழியை அடைக்கிறது. ஆகவே தகடுகளை இன்னும் செங்குத்தாக்குங்கள். அல்லது மூலையில் வளைந்த தகடு வைத்து அதை உருண்டையாக்குங்கள். தேய்மானத்துக்கு அஞ்சி உள்ளே கல் தங்கி நிற்கும் படித்தட்டு ஒன்றை வைத்திருந்தால், ஈர டஸ்ட் வரும் இந்த ஷூட்டில் அதை எடுத்துவிட்டு, கழற்றி மாற்றக்கூடிய லைனர் தகடு பொருத்துங்கள்.

பெல்ட் ஒதுங்குவதற்குக் காரணம் வேறு. மேல் பெல்ட்டிலிருந்து பாயும் சரக்கு தன் திசையிலேயே போய்க் கீழ் பெல்ட்டின் எதிர்ப்பக்கத்தில் குவிகிறது. எதிரே ஒரு தடுப்புத் தகடு வைத்து அதை நடுவுக்குத் திருப்பி, கீழ் பெல்ட் ஓடும் திசையிலேயே இறங்கும்படி செய்தால் பெல்ட் நேராகும், ரப்பரும் குறைவாகத் தேயும். தகட்டின் இடத்தை முன்பின் நகர்த்திப் பார்க்க நீளத் துளைகள் விட்டு போல்ட் போடுங்கள்.

அதுவரை அடைப்பு எடுக்க நேர்ந்தால், இரண்டு பெல்ட்டையும் நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை உள்ளே இறங்குபவரிடமே கொடுத்த பிறகுதான் அடைப்பைக் குத்தி எடுக்கும் கம்பியைத் தொட வேண்டும்.